வாயால் சொன்னால்தான்

"தாடை ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு" என்றாள் டாக்டர் ஒண்டினா, எக்ஸ்ரே படத்தை உறைக்குள் சொருகியபடி. அவள் பிடரியில் டோபியாஸின் துப்பாக்கி அழுந்தியிருந்தது.

நாற்காலியில் அவன் தலைவன் காசிமிரோ. சோலோமாவில் பாதித் தெருக்கள் அவனுக்குத்தான் பயப்படும். எதிரிக் கும்பல் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்ததில் முன்பல் இரண்டு போய், சட்டையெல்லாம் ரத்தம்.

"சீக்கிரம் தைச்சு விடுடி, கிழட்டுக் கழுதை!" அவன் கத்தியது வராந்தா வரை கேட்டது. "டோபியாஸ்! உள்ள நுழைஞ்சதுலேருந்து சொல்லிட்டிருக்கேனே, போலீஸ்ல நம்மளக் காட்டிக் கொடுத்த பஸ் டிரைவர் நெல்சின்... அவன எங்க வச்சு முடிக்கணும்னு எந்திரிச்சதும் சொல்றேன். நான் வாயால சொல்ற வரைக்கும் எவனும் அவன் மேல கை வைக்கக் கூடாது. பொண்டாட்டி கண்ணு முன்னாலயே தலை உருளணும்."

அப்போதுதான் உள்ளே வந்த நர்ஸ் ஸோய்லாவின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. நெல்சின் அவள் தம்பி.

"பொறுக்கி வை. கம்பிச் சுருளை எடு" என்றாள் டாக்டர்.

மயக்க ஊசி ஏறியது. மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, ஒவ்வொன்றாக முறுக்கினாள் டாக்டர். இரண்டு மணி நேரம் ஆனது.

"ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது. கஞ்சியை உறிஞ்சித்தான் குடிக்கணும்."

காசிமிரோ விழித்ததும் உறுமினான். பஸ் ஓட்டுவதுபோல் கைகளைச் சுழற்றினான். கழுத்தின் குறுக்கே விரலை இழுத்தான்.

டோபியாஸ் பின்வாங்கினான். "வாயால சொல்லுங்க தலைவரே. போன மாசம் நீங்க தலையாட்டினத நம்பி ஒருத்தன் உங்க மச்சானயே சுட்டான். 'நான் வாயால சொன்னேனாடா'ன்னு அவன வெட்டிப் போட்டீங்க. இந்த விளையாட்டுக்கு நான் வரல."

வயிற்றில் ஓர் உதை விழுந்தது. டோபியாஸ் சுருண்டான்.

"ம்ம்ம்ம்!"

"எத்தனை வேணா மிதிங்க. எழுதிக் கொடுக்கலாம்னா, நீங்க பேனாவே பிடிச்சதில்ல. எனக்கும் படிக்கத் தெரியாது. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அவர்கள் படியிறங்கியதும் ஸோய்லா போனைக் காதில் அழுத்தினாள். "நெல்சின், பஸ்ஸ அப்படியே விட்டுட்டுப் புள்ளைங்களோட எல்லைக்கு ஓடுடா. இப்பவே!"

போனை வைத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "கடவுள் இருக்காரு டாக்டர். சரியான நேரம் பாத்து அவன் தாடைய உடைச்சாரே!"

டாக்டர் குழாயடியில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"தாடையா? ஒரு கீறல்கூட இல்லடி."