லிங்கராஜபுரத்தில் கடல்

"முனிராஜ் வந்து உட்கார்ந்திருக்கார். மகனோட மார்க் விஷயமாத்தான் இருக்கும்," என்றார் டீன் சீனிவாசராகவன். "நம்ம யுனிவர்சிட்டி டிரஸ்ட்ல அவர் ஒரு மெம்பர். ஞாபகம் வெச்சுக்கோங்க."

ஷோபா சிவில் இன்ஜினியரிங்கில் ஒப்பந்த விரிவுரையாளர். அடுத்த வருஷத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் டீனின் மேஜையில்தான் கிடந்தது.

"காப்பி அடிச்ச ப்ராஜெக்டுக்கு ஜீரோதான் சார். ரூல் அப்படித்தானே இருக்கு?"

"ரூல் இருக்கட்டும். 'மதிப்பெண் தவறுதலாகப் பதிவாகிவிட்டது'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

ஷோபா முனிராஜின் மகன் சஞ்சயின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.

அறையில் முனிராஜ் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வைட்ஃபீல்ட் பக்கம் பாதி அப்பார்ட்மென்ட் அவர் கட்டியது. பக்கத்தில் மகன் சஞ்சய் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஜீரோ போட்டது நீதானாம்மா?"

"நான்தான் சார்."

"காப்பின்னு எப்படிச் சொல்றே?"

"லிங்கராஜபுரத்துல ஒரு மனையில மண் எடுத்துப் பரிசோதனை பண்ணணும். அதுதான் ப்ராஜெக்ட். நம்ம ஊர்ல கடலே கிடையாது. ஆனா சஞ்சய் ரிப்போர்ட்ல, 'கடல் அருகில் இருப்பதால் மண்ணில் உப்பு அதிகம்'னு இருக்கு. சென்னையில யாரோ எழுதினதை அப்படியே எடுத்து, ஊர் பேரை மட்டும் மாத்தியிருக்கார்."

டீன் இருமினார். "சின்னப் பையன் சார். ஏதோ அவசரத்துல..."

"நீங்க இருங்க சார்." முனிராஜ் ஷோபாவிடமே பேசினார். "ஜீரோன்னா என்ன ஆகும்?"

"இந்த வருஷம் டிகிரி கிடைக்காது. மறுபடி மண் எடுத்து, டெஸ்ட் பண்ணி, சொந்தமா எழுதணும். சந்தேகம் வந்தா என்கிட்ட எப்ப வேணா கேட்கலாம். சொல்லித் தர்றேன்."

"மார்க்கை மாத்த முடியாதா?"

"முடியாது சார்."

"இதனால உன் வேலையே போச்சுன்னா?"

ஷோபா ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தாள்.

"வேற இடம் தேடிக்குவேன் சார். மார்க் மாறாது."

டீன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சஞ்சய் அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

முனிராஜ் எழுந்தார். மகன் கையிலிருந்த போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டீன் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு இவன் போடற கையெழுத்தை நம்பித்தான் சார், ஜனங்க பிள்ளைகுட்டியோட ஒரு வீட்டுக்குள்ள படுத்துத் தூங்கணும். நேத்து நீங்களா போன் பண்ணி, 'பையன் பாஸ், கவலைப்படாதீங்க'ன்னு சொன்னீங்களே... அதைக் கேன்சல் பண்ணச் சொல்லத்தான் வந்தேன்."