பேரைச் சொல்லுங்க, வெர்னா

"இந்த அம்மா எதுக்குத்தான் வர்றாங்களோ?" காபியை ஊற்றிக்கொண்டே டோரீன் முணுமுணுத்தாள். "எட்டு மாசமா வர்றாங்க. ஒருநாளாவது வாயைத் திறந்தாங்களா?"

"மெதுவாப் பேசு," என்றாள் மார்ஜரி. "இன்னிக்குப் பேச வைக்கிறேன் பாரு."

அமெரிக்காவில், அயோவா மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில், வியாழன்தோறும் மாலையில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். நிறவெறியைப் பற்றிப் படிப்பார்கள், பேசுவார்கள், சில நாள் அழவும் செய்வார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மார்ஜரிதான் இதைத் தொடங்கினாள். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். வெர்னா மட்டும்தான் கறுப்பினப் பெண்.

ஜெபம் முடிந்ததும் மார்ஜரி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"வெர்னா, நாங்களே பேசிட்டிருந்தா எப்படி? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க. வாயை மூடிட்டு இருக்கிறதும் அநியாயத்துக்குத் துணை போறதுதான்னு போன வாரம்தானே படிச்சோம்?"

"நான் கேட்டுட்டு இருக்கேங்க. அது போதும்."

"நாங்க என்ன வேத்து ஆளா? சும்மா சொல்லுங்க."

வெர்னா கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என் பொண்ணுக்கு நடந்தது. ஸ்கூல்ல கட்டுரை எழுதச் சொன்னாங்க. ரொம்ப நல்லா எழுதியிருந்தா. 'இது உன் எழுத்தே இல்லை, எங்கே காப்பியடிச்சே?'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டு, டீச்சர் முட்டை போட்டுட்டாங்க."

"அடக் கடவுளே!"

"என் வீட்டுக்காரர் போய்க் கெஞ்சிப் பார்த்தார். 'உங்க ஜனங்களுக்கு இப்படியெல்லாம் எழுத வராது'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

மார்ஜரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"சீ, இவங்கெல்லாம் டீச்சரா? யாரு அது? பேரைச் சொல்லுங்க, வெர்னா. நாளைக்கே போய் அந்த ஸ்கூல்ல கேட்போம். நான் முன்னால நிக்கிறேன்!"

"வேண்டாங்க. பழைய கதை."

"பழசானா தப்பு சரியாயிடுமா? பேரைச் சொல்லுங்க!"

"அப்படி என்னதான் எழுதியிருந்தா உங்க பொண்ணு?" என்று டோரீன் குறுக்கே புகுந்தாள்.

"அவ அப்பாவைப் பத்தி. இறைச்சி ஆலையில, குளிர் அறையில அவருக்கு வேலை. வீட்டுக்கு வர்றப்போ விரலெல்லாம் மரத்துப் போயிருக்கும். சட்டைப் பொத்தானைக்கூடக் கழட்ட வராது. அவதான் கழட்டிவிடுவா. அதைத்தான் எழுதியிருந்தா."

மார்ஜரியின் வாய் திறந்தபடியே நின்றது.

சட்டைப் பொத்தான். ஜோஸ்லின். தலை குனிந்து நின்ற அந்தப் பெண். சிவப்பு மையில் பெரிதாகச் சுழித்த அந்த முட்டை. தொப்பியைக் கையில் பிடித்தபடி வகுப்பு வாசலில் தயங்கி நின்ற ஒரு மனிதர்.

"அதோட அவ எழுதறதையே விட்டுட்டா," என்றாள் வெர்னா. "பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலகூட வெறும் பேரைத்தான் போடுவா. ஒரு வரி எழுதமாட்டா."

"அதான், யாரு அந்த டீச்சர்?" டோரீன் விடுவதாக இல்லை.

வெர்னா ஒருமுறை மார்ஜரியைப் பார்த்தாள்.

"மறந்து போச்சுங்க."

"அதெப்படி மறக்கும்? கொஞ்சம் யோசிச்சு..."

"விடு டோரீன்!" மார்ஜரியின் குரல் கீச்சிட்டது. "அவங்களுக்குத்தான் ஞாபகம் இல்லைங்கறாங்களே. போட்டுக் குடையாதே. அடுத்த பாடத்துக்குப் போகலாம்."

புத்தகத்தைப் புரட்டினாள். ஓர் எழுத்தும் கண்ணில் நிற்கவில்லை.

கூட்டம் முடிந்தது. "பாவம், ஒரு பேரைச் சொல்லக்கூடத் தைரியம் இல்லை," என்று மார்ஜரியின் காதில் கிசுகிசுத்துவிட்டு டோரீன் கிளம்பினாள். ஒவ்வொருவராகப் படியேறிப் போனார்கள்.

வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். மார்ஜரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நன்றி, வெர்னா," என்றாள் தரையைப் பார்த்தபடி. "மறந்து போச்சுன்னு சொன்னீங்களே... அதுக்கு."

"மறக்கலை, டீச்சர்." வெர்னாவின் குரலில் கோபம் இல்லை. "நான் இங்கே பேசறதுக்கு வரலை. என்னிக்காவது ஒருநாள் நீங்களே அதைச் சொல்லுவீங்க, கேட்கலாம்னுதான் வந்துட்டிருக்கேன்."