இன்னும் ரெண்டு கரண்டி உப்பு

“அந்த சூப்புல இன்னும் ரெண்டு கரண்டி உப்பு போடுங்க.”

அடுப்படியில் நின்ற கணவர் திரும்பிப் பார்த்தார். “யாருக்கு? மாட்டுக்கா?”

“ஜன்னலோர மேஜைக்கு.”

“மனுஷன் குடிக்கிறதுடி அது! பதினெட்டு வருஷத்துல ஒருத்தன் முகம் சுளிச்சதில்ல. உனக்கென்ன கிறுக்கா?”

“கத்தாதீங்க. வந்திருக்கறது யாருன்னு எட்டிப் பாருங்க.”

எட்டிப் பார்த்தார். ஒல்லியான ஆள் ஒருவன் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பி வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான். கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

“ஐயோ, நட்சத்திரக்காரன்! போன்ல பார்க்கிற அதே மூஞ்சி.”

மறுபேச்சுப் பேசாமல் உப்பு ஜாடியைத் திறந்தார்.

அந்தத் தெருவுக்கு வருவதுதான் இப்போது ஊருக்கே நாகரிகம். வெள்ளிக்கிழமைதோறும் ‘இந்தத் தெருவில் எனக்குப் பிடித்த பத்து இடங்கள்’ என்று நட்சத்திரக்காரன் பட்டியல் போடுவான். ஐந்து நட்சத்திரம் வாங்கிய கடை வாசலில் மறுநாளே வரிசை நிற்கும். மற்ற கடைக்காரர்கள் அவனைக் கண்டால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். தெருவே ‘சூப்பக்கா’ என்று கூப்பிடும் இவள் மட்டும் அவன் தன் கடைக்கு வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

காரணம் எதிரிலேயே இருந்தது. பேக்கரி இருந்த இடத்தில் இப்போது வாசனை மெழுகுவத்தி விற்கிறார்கள். பேக்கரிக்கு ஐந்து நட்சத்திரத்தோடு பட்டியலில் முதலிடம் கிடைத்தது. இரண்டு மாதம் வரிசை நின்றது. மூன்றாவது மாதம், “மூணு மடங்கு வாடகை கொடு, இல்லேன்னா காலி பண்ணு” என்று சொல்லிவிட்டார் கட்டட ஓனர்.

பேக்கரிக்காரர் போன அன்று அவள் வாசலில் நின்று அழுதாள். தினமும் மத்தியானம் தன் ரொட்டியின் ஓரத்துண்டை எடுத்துவந்து, இவள் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்ட மனுஷர்.

இவளுக்கும் அதே ஓனர்தான். இவள் கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருக்கிறார். பட்டியலை முதல் ஆளாகப் படிப்பவரும் அவர்தான்.

கிண்ணத்தைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள்.

முதல் வாயிலேயே அவன் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் குடித்தான். மறுபடி கரண்டியை எடுத்தான்.

‘வச்சுட்டு எந்திரிச்சுப் போயேன்டா பாவி’ என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவனோ கிண்ணத்தைச் சாய்த்து, அடிவரைக்கும் வழித்துக் குடித்துவிட்டான். இப்படிக் குடிக்கிறவன் திட்டியா எழுதுவான்?

“உங்க சூப் எப்பவும் இப்படித்தான் இருக்குமாக்கா?”

“எ... எப்பவும் இப்படித்தான் தம்பி.”

பக்கத்து மேஜை லாண்டரிக்காரர் உதவிக்கு வந்தார். “இன்னைக்குப் பரவாயில்ல சார். நேத்து இதைவிட மோசம்.”

பத்து வருஷமாக வேறு எங்கும் சாப்பிடாதவர் சொன்ன வார்த்தை அது.

அவன் சிரிக்கவில்லை. மாடிப்படியைப் பார்த்தான், எதிர்க்கடையைப் பார்த்தான், போய்விட்டான்.

அதற்கப்புறம் மூன்று நாள், படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இந்த இடம் போச்சுன்னா எங்கேங்க போவோம்?” என்று கணவரிடம் நாலைந்து தடவை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் போனைத் திறந்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“பத்து இடமும் பார்த்துட்டேன். நாம இல்ல. எல்லாம் சொந்தக் கட்டடத்துல நடத்தற பெரிய கடைங்க.”

“அப்பாடா!”

“இரு, கீழ இன்னும் என்னமோ இருக்கு. ‘தப்பித்தவறியும் போகக் கூடாத இடம், பஸ் ஸ்டாப் எதிரில் உள்ள சூப் கடை. ஒரு கிண்ணம் குடித்தேன். இரண்டு நாளாகத் தாகம் தீரவில்லை.’”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ரோஷமும் வந்தது. “ரெண்டு நாளாத் தாகமாமா? கொழுப்பைப் பாருங்க! என் சூப்பையா சொல்றான்?”

“உன் உப்பைச் சொல்றான்” என்றார் கணவர்.

படியில் செருப்புச் சத்தம். ஓனர் போனை ஆட்டிக்கொண்டே இறங்கி வந்தார்.

“உன் கடைக்கும் கூட்டம் வரும், வாடகையை ஏத்தலாம்னு இருந்தேன். நீ என்னடான்னா ஊர் சிரிக்க வச்சுட்டே. இந்த லட்சணத்துக்கு எவன் வருவான்? பழைய வாடகையே கொடுத்துட்டு இருந்து தொலை.”

அவர் தலை மறைந்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அதே ஜன்னலோர மேஜையில் மறுபடியும் அவன்! அவள் கை தானாக உப்பு ஜாடிக்குப் போயிற்று.

“அக்கா, இன்னைக்காவது உப்பை அளவாப் போடுங்க” என்றான் தணிந்த குரலில். “போன தடவை குடிச்சு முடிக்கறதுக்குள்ள உயிரே போயிடுச்சு.”

“தெரிஞ்சேவா குடிச்சீங்க?”

“ஏன் போட்டீங்கன்னும் தெரிஞ்சுது.”

பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். நன்றாகச் சிவக்கச் சுட்ட ரொட்டியின் ஓரத்துண்டு. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இது... நம்ம பேக்கரிக்காரர் கை ஆச்சே!”

“இப்ப வேற ஊர்ல, வேற ஒருத்தர் கடையில சம்பளத்துக்குச் சுடறார். இதை உங்க சூப்புல தோய்ச்சுச் சாப்பிட்டுட்டு, ருசி அப்படியே இருக்கான்னு அவருக்குச் சொல்லணுமாம்.”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் முதல்முதலா அஞ்சு நட்சத்திரம் போட்டது எங்க அண்ணன் கடைக்குத்தான்க்கா.”