மிஃப்டு என்றால்

வெளிநாட்டு முதலாளி மேசையைக் குத்திக் குத்தி, ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் கத்தி ஓய்ந்தார். எதிரே தொழிற்சங்கத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய்லர் அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வராவிட்டால் நாளை வேலைநிறுத்தம்.

"என்னம்மா சொல்றாரு?" என்று தலைவர் நடுவில் இருந்த மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார்.

அவள் குறிப்பேட்டை மூடினாள். கேட்டதை அப்படியே சொன்னால் பேச்சு இங்கேயே முறிந்துவிடும்.

"மிஃப்டுன்னு சொல்றார்ண்ணே. பெரிய கோபமெல்லாம் இல்ல. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கற அளவுதான்."

"அதுக்கா இவ்ளோ நேரம்? அந்த மூஞ்சியைத் தூக்க கிரேன்தான் வரணும்னு சொல்லு. எங்காளு ரெண்டு பேரு மயங்கி விழுந்தப்ப எங்க போனான்னும் கேளு."

தலைவருக்கும் மிஃப்டுதான் என்று அவள் முதலாளியிடம் சொன்னாள். இரண்டு பேர் மயங்கி விழுந்ததை மட்டும் குறைக்காமல் சொன்னாள்.

முதலாளி தணிந்தார். அரை மணி நேரத்தில் நான்கு ஃபேன்களுக்குக் கையெழுத்தானது.

வெளியே வந்ததும் தலைவர் கேட்டார்: "எங்களை எல்லாம் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னுதானே ஆரம்பிச்சாரு?"

அவள் திடுக்கிட்டாள். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"பதினோரு வருஷம் கப்பல்ல வெல்டரா இருந்தேன்ம்மா."

"அப்புறம் எதுக்குண்ணே, மொழிபெயர்க்க நான் வந்தே ஆகணும்னு அடம்பிடிச்சீங்க?"

"அவர் சொன்னதுக்கு நான் எழுந்து போயிருக்கணும். நீ சொன்னதாலதான் உட்கார முடிஞ்சுது."