பறவைப் பகுதியில் வேலை

கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றினாள்.

பள்ளத்துக்கு அப்பால், புலியின் புல்வெளியில், காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் நடந்து போனான். இடது கால் லேசாக இழுத்தது.

அந்த நடை அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும்.

அவள் கணவன்.

பறவைப் பகுதியில் வேலை என்றுதான் பெண் பார்க்க வந்தபோதே சொன்னான். கிளிக்கு நெல், மயிலுக்குத் தண்ணீர். சட்டையில் என்ன வாடை என்று கேட்டால், கழுகுக்குக் கறி வெட்டினேன் என்பான். அவளும் நம்பினாள். இன்று தையல் கம்பெனிப் பெண்களோடு வேனில் மிருகக்காட்சிசாலைக்கு வருவதை அவனிடம் சொல்லவில்லை. பறவைக் கூண்டுப் பக்கம் திடீரென்று போய் நின்று சிரிக்கலாம் என்றிருந்தாள்.

சற்று முன் எவனோ தண்ணீர் பாட்டிலைப் புல்லில் எறிந்துவிட்டான். புலி அதைக் கடிக்கப் பார்த்தது. கறியைக் காட்டி அதை உள்கொட்டடிக்கு இழுத்தார்கள். கதவை இறக்கினார்கள். பாட்டிலை எடுக்க ஓர் ஆளை அனுப்பினார்கள்.

வந்தது இவன்.

கையில் ஒரு மூங்கில் கழி. அவ்வளவுதான்.

உள்ளிருந்து புலி கதவில் மோதியது. இரும்பு அதிர்ந்தது. கூட்டம் சிரித்தது. கைப்பேசிகள் உயர்ந்தன.

மறுபடியும் மோதியது.

"ஏகாம்பரம்! கதவு முழுசா எறங்கல! வெளிய வாய்யா!"

கொட்டடிக் கூரைமேல் கதவுச் சங்கிலியைப் பிடித்திருந்தவன் கத்தினான்.

யாரும் சிரிக்கவில்லை.

கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே ஒரு பாதம் நீண்டு மண்ணைப் பிறாண்டியது.

அவன் பாட்டிலோடு நிமிர்ந்தான். கூட்டத்தைப் பார்த்தான்.

அவளைப் பார்த்தான்.

அப்படியே நின்றுவிட்டான். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். ஏதோ சொல்ல வாயெடுத்தான், அத்தனை தூரத்திலிருந்து.

போ என்று கத்த நினைத்தாள். கத்தினால் கேட்க நின்றுவிடுவான்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவன் நகரமாட்டான்.

திரும்பிக்கொண்டாள்.

அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் புலிக்கு முதுகு காட்டி நின்றாள். எதிரே ஐஸ்கிரீம் வண்டி. அதில் எழுதியிருந்ததைப் படிக்கப் பார்த்தாள். எழுத்துக் கூடவில்லை.

பின்னால் சங்கிலி கிறீச்சிட்டது. யாரோ ஐயோ என்றார்கள். ஒரு குழந்தை வீறிட்டது.

இரும்புக் கதவொன்று மோதி மூடியது.

எந்தக் கதவு?

கண்ணை மூடிக்கொண்டாள். முந்தானை நுனி பல்லுக்கிடையில் இருந்தது.

"அந்த ஆளு தப்பிச்சிட்டாருடி. வெளிய போயிட்டாரு." பக்கத்து மெஷின் ரெஜினா அவள் தோளைத் தொட்டாள். "நீ ஏண்டி அந்தப் பக்கம் திரும்பி நிக்கற?"

அவள் முந்தானையைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

சற்று நேரத்தில் உள்கொட்டடிக் கதவைத் தூக்கினார்கள். கூட்டம் கம்பியை நெருக்கியது. ரெஜினா அவளைப் பிடித்துத் திருப்பினாள்.

புலி வந்தது. அவசரமில்லாமல் வந்தது.

அவன் நின்ற இடத்தில் நின்றது.

தலையைத் தாழ்த்தி மண்ணை முகர்ந்தது.

நெடுநேரம் முகர்ந்தது.