இருக்கைக்குக் கீழே

ஜிப்ரி காரின் கூரையில் இரண்டு கைகளையும் வைத்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

உள்ளே எங்கோ 'டொக்' என்றது.

"என்னமோ கழண்டு கிடக்கு தம்பி," என்றார். ஓட்டப் போட்டிக்கு முன் ஒவ்வொரு காரையும் சோதித்து அனுப்புகிறவர் அவர். "கண்டுபிடிக்காம விட ஏலாது."

நிலோஜனின் முகம் கறுத்துப்போனது. அவன் கராஜில் அவனே கட்டிய கார். அவன் மனைவி கம்சாயினி ஹெல்மெட்டோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே இருந்தாள்.

வாவி வற்றிய வெளியில் கிறவல் கொட்டிப் போட்ட பாதை. மற்றக் கார்கள் வரிசைக்குப் போய் உறுமத் தொடங்கிவிட்டன.

புஸ்பத்துக்குக் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டுவாள், விரிப்பாள், மறுபடி சுருட்டுவாள். ஓட்டப்போகிறவள் அவள் பெற்ற ஒரே பிள்ளை.

காருக்குள் எதுவும் ஆடக்கூடாது. வேகத்தில் குலுங்கும்போது ஒரு ஸ்பானர் கிளம்பினாலும் மண்டையைப் பிளந்துவிடும் என்று மருமகன் சொல்லிச் சொல்லியே அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தான். ஸ்பெயார் ரயருக்கு இரட்டைப் பெல்ட். ஜாக்கைத் தரையோடு பூட்டியிருந்தான். ஸ்பானர்களைத் துணியில் சுருட்டி, அதற்கு மேல் ஒரு கட்டு. விட்டால் உள்ளே பறக்கிற இலையானையும் பிடித்துக் கட்டிவிடுவான்.

காலையில் அவள் கண்ணூறு படாமலிருக்க முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு தேசிக்காய் வைத்தாள். பார்த்த கையோடு எடுத்து வெளியே எறிந்தான்.

"சாமி, நேர்த்தி எல்லாம் காருக்கு வெளிய வெச்சுக்கொள்ளுங்க மாமி. உள்ள வந்தா அதுவும் ஒரு சாமான்தான்."

கோயிலுக்கு வந்தாலும் உள்ளே போகாமல் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற மனிதன் அவன். அவனிடம் பேசி என்ன பயன் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒலிபெருக்கி கம்சாயினியின் பெயரைக் கூப்பிட்டது. இன்னும் கொஞ்சம் சுணங்கினால் கார் வரிசையில் இல்லை. ஒரு வருஷ உழைப்பு மண்ணாகிவிடும்.

நிலோஜன் பின்பக்கம் புகுந்து பெல்ட்டுகளை இழுத்து இறுக்கினான். ஜிப்ரி உலுக்கினார். 'டொக்.' ஜாக்கைப் பிடித்து ஆட்டினான். அது அசையவில்லை. திரும்ப 'டொக்.'

அவன் ஓட்டுநர் பக்கக் கதவுக்கு வந்து நின்றான். நெற்றி வியர்த்திருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் விலகுங்க. நான் பாக்கிறன்."

ஜிப்ரி விலகவில்லை. அவரே குனிந்து கம்சாயினியின் இருக்கைக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார்.

வெளியே வந்தது ஒரு தேங்காய். மஞ்சள் துணியில் சுற்றிய நேர்த்தித் தேங்காய். போன பிள்ளை பத்திரமாகத் திரும்பிய பிறகு கோயிலில் உடைப்பதற்கென்று பிள்ளையாரை நினைத்துக் கட்டி வைக்கிறது.

"இது உருண்டு பிறேக்குக்குக் கீழ போயிருந்தா?" என்று ஜிப்ரி கேட்டார்.

எல்லாக் கண்களும் புஸ்பத்தின் பக்கம் திரும்பின.

"அம்மா," என்றாள் கம்சாயினி. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது குரல்.

புஸ்பம் மருமகனைப் பார்த்தாள். ஒரு தேசிக்காய்க்கு அந்தப் பாடு படுத்தியவன் இப்போது வாய் திறக்கவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"நான்தான் வெச்சன்," என்றாள் புஸ்பம். "பெத்த வயிறு கேக்கல்ல."

ஜிப்ரி அவளை ஏசித் தீர்த்தார். தேங்காயை அவள் கையில் திணித்துவிட்டு மறுபடி உலுக்கினார். சத்தம் இல்லை. போகச் சொல்லிக் கை காட்டினார்.

கம்சாயினி தாயைத் திரும்பிப் பார்க்காமலே போனாள். மகளின் கோபம் பரவாயில்லை என்று நினைத்தாள் புஸ்பம். கோபத்தோடு கார் ஓட்டலாம், பயத்தோடு ஓட்ட முடியாது.

கொடி இறங்கியது. புழுதி எழும்பி வாவிப் பக்கமாகச் சாய்ந்தது. நிலோஜன் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். முகத்தைப் பார்க்கவில்லை.

புஸ்பம் மஞ்சள் துணியை விரலால் தடவினாள். துணியின் கழுத்தை, கராஜில் வயர்கள் கட்டுகிற கறுப்புப் பிளாஸ்ரிக் பட்டி ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தது. நுனியைக் குறட்டால் ஒட்ட நறுக்கியிருந்தார்கள். இருக்கையோடு பிணைத்திருந்த இன்னொரு பட்டி அறுந்து தொங்கியது.

நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

தேங்காயை அவன் பக்கமாக நீட்டி, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"கோயிலுக்குக் கொண்டுபோகக்குள்ள இத எப்பிடி மருமகன் கழட்டுற?"