செவ்வாய்க்கிழமைக் கொசு

மரபணுவை மாற்றி, வயிற்றில் விளக்கு வைத்து அரசு அனுப்பும் தொற்றுநோய்ச் சோதனைக் கொசு, செவ்வாய்தோறும் வீட்டுக்கு ஒருவரைக் கடிக்கும். பச்சை எரிந்தால் பிழைத்தோம். சிவப்பு எரிந்தால் கடிபட்டவரை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போனவர் எவரும் திரும்பியதில்லை.

மங்கையர்க்கரசியின் கைக்குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மாரை விட்டு இறக்காமல் வைத்திருந்தவள், கொசு ரீங்காரம் கேட்டதும் குழந்தையைத் தூளியில் போட்டுச் சேலையை இழுத்து மூடினாள்.

“நான் கைய நீட்டுறேன். நீங்க ஆட்டிக்கிட்டே இருங்க, அழ விட்றாதீங்க,” என்றாள் கணவனிடம்.

கொசு அவள் கையில் அமர்ந்து நிதானமாகக் குடித்தது.

சிவப்பு எரிந்தது.

வாசலில் வண்டி நின்றது. அவர்கள் உள்ளே வந்துவிடக்கூடாதே என்று அவளே வெளியே ஓடினாள். பால் குடிக்கும் நேரம். தூளிக்குள் குழந்தை வீறிட்டது.